கணக்கைத் தொடங்கும் முன் வாசலைப் பாருங்கள்

2019 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அவர் முகப்பில் வைத்திருந்தது 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படம். கூட்டம் முழுவதும் நாஜி வணக்கம் செலுத்த, ஒரே ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிகளை எதிர்த்து நின்ற மனிதரின் படமே அங்கே விதிமீறல் ஆகிவிட்டது. திரும்பக் கிடைத்த கணக்கு, பழைய மறுபகிர்வு ஒன்றுக்காக மறுபடியும் முடக்கப்பட்டது. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். கோபம் கொண்ட இந்தியப் பயனர்கள் பலர் அந்த நவம்பரில் மாஸ்டடான் என்ற திறந்த வலையமைப்புக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அப்படிப் போனவர்களில் பலர் கொஞ்ச நாளில் ட்விட்டருக்கே திரும்பிவிட்டார்கள். மாஸ்டடானில் எழுத முடிந்தது, படம் போட முடிந்தது. படிக்க வேண்டிய ஆட்கள்தான் அங்கே இல்லை. பல வருடங்களாகச் சேர்ந்த வாசகர்களும் நண்பர்களும் பழைய இடத்திலேயே இருந்தார்கள். அவர்களை அழைத்து வர எந்த ஏற்பாடும் கிடையாது. ஒரு சமூக ஊடகம் நம்மைப் பிடித்து வைத்திருப்பது இப்படித்தான். எழுதுபவர், பாட்காஸ்ட் நடத்துபவர், பள்ளிக்கோ சங்கத்துக்கோ பக்கம் பராமரிப்பவர் என யாராக இருந்தாலும், புதிய இடத்தில் கணக்குத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: நாளைக்கு இங்கிருந்து கிளம்பினால் என் பெயர், என் ஆட்கள், என் எழுத்து ஆகிய மூன்றில் எது என் கூட வரும்?

எத்தனை கோடிப் பேர் அங்கே இருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறதா, இலவசமா என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நெறிமுறை என்ன செய்கிறது

மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ரே டாம்லின்சன் 1971-ல் @ குறியை நடுவில் வைத்து முதல் வலையமைப்பு மின்னஞ்சலை அனுப்பினார். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகள், அதாவது மின்னஞ்சலுக்கான நெறிமுறை, வெளியாயின. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதத்தை எப்படி ஒப்படைப்பது என்பதை அந்த ஆவணம் வரிசையாகச் சொல்கிறது. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். ஜிமெயிலில் இருப்பவர் கல்லூரி சர்வரில் இருக்கும் பேராசிரியருக்கு இன்றைக்கும் கடிதம் போட முடிவது இதனால்தான்.

டெலிகிராமிலிருந்து வாட்ஸ்அப்புக்கு ஒரு வணக்கம் போட முடியுமா? முடியாது. அதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு என்று நினைக்க வேண்டாம். உடனடிச் செய்திக்கான திறந்த நெறிமுறை 1999-ல் ஜெரமி மில்லர் ஜாபர் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்தே இருக்கிறது. பின்னர் எக்ஸ்எம்பிபி என்று தரப்படுத்தப்பட்டது. வாட்ஸ்அப்பே அந்த நெறிமுறையை மாற்றியமைத்துத்தான் தன் சேவையைக் கட்டியது. வெளியார் வந்து இணைய வாசல் மட்டும் வைக்கவில்லை.

கூகுள் டாக் கதையை இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். 2005-ல் அது எக்ஸ்எம்பிபி மேல் தொடங்கியது. அடுத்த வருடமே மற்ற சர்வர்களோடு பேசத் தொடங்கியது. சொந்தமாக ஜாபர் சர்வர் வைத்திருந்த ஒருவர் ஜிமெயில் நண்பரோடு சாதாரணமாக அரட்டை அடித்த காலம் அது. 2013-ல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்தது, அந்த இணைப்பு கைவிடப்பட்டது. சிறு சர்வர்களில் இருந்தவர்களுக்கு ஒரு நாள் நண்பர்கள் காணாமல் போனார்கள். பெரும்பாலான ஆட்கள் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், திறந்த நெறிமுறையைக்கூட அந்த நிறுவனம் தன் வசதிக்கு மூடிவிடும். அதனால் ஒரு சேவை இன்று திறந்திருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதன் ஆட்கள் எத்தனை சர்வர்களில் பரவியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் செல்போனில் பழக்கமானதுதான். 2011 ஜனவரி 20 வரை பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனியை மாற்றினால் எண் போய்விடும். சிக்னல் சரியில்லாவிட்டாலும் பொறுத்துக்கொண்டோம். வங்கியிலும் கேஸ் ஏஜென்சியிலும் கொடுத்திருந்த எண் அது. அன்றைக்கு நாடு முழுவதும் எண் மாறாமல் கம்பெனி மாறும் வசதி வந்தது. 1900-க்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். கம்பெனிகள் மனமுவந்து செய்த காரியம் இல்லை அது, ஒழுங்குமுறை ஆணையம் செய்ய வைத்தது.

சமூக ஊடகத்தில் அப்படிச் செய்ய வைக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2024 மார்ச் முதல், வேறு செய்திச் சேவைகள் கேட்டால் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2019-ன் தனிநபர் தரவு மசோதாவில், தரவை எடுத்துக்கொண்டு இடம் மாறும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. இது வருத்தப்பட வேண்டிய இழப்பு. மசோதா மாற்றி எழுதப்பட்டபோது இதற்குப் போதிய குரல் எழவில்லை என்பதே என் எண்ணம். சட்டம் தராததை நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றையும் வைத்து அளந்து பார்த்தால்

ஃபேஸ்புக்கில் எழுத்து வரும், ஆட்கள் வர மாட்டார்கள். உங்கள் தகவலைத் தரவிறக்கும்போது நண்பர்களின் பெயர்ப்பட்டியல் கிடைக்கும். பெயரை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் யாரையும் தொடர்புகொள்ள முடியாது. யூடியூபில் நீங்கள் ஏற்றிய வீடியோக்களை கூகுள் டேக்அவுட் மூலம் திரும்ப எடுக்கலாம், சந்தாதாரர்களை எடுக்க முடியாது. வாட்ஸ்அப் சேனலிலும் இதே நிலைதான்: பின்தொடர்வோர் எண்ணிக்கை தெரியும், அவர்களின் போன் எண்கள் கைக்கு வராது.

இதற்கு நேர்மாறானது பாட்காஸ்ட். அது ஆர்எஸ்எஸ் என்ற ஓடையில் ஓடுகிறது. நிகழ்ச்சியை வைத்திருக்கும் நிறுவனத்தை மாற்றினால், பழைய ஓடை முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு ஒரு திருப்பம் போட்டால் போதும். கேட்பவர் எந்தச் செயலியில் கேட்டாலும் அடுத்த நிகழ்ச்சி வழக்கம்போல் வந்து விழும், இடம் மாறியதே அவருக்குத் தெரியாது. மின்னஞ்சல் சந்தாவும் இப்படித்தான். முகவரிப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து, அடுத்த சேவையில் ஏற்றிவிடலாம்.

ஓடையின் பலம் 2013-ல் கண்கூடாகத் தெரிந்தது. அந்த வருடம் ஜூலை 1-ம் தேதி, ஓடைகளைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டது. கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. ஆனால் வாசகர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்து, ஃபீட்லி போன்ற வேறு செயலிகளில் ஏற்றி அன்றைக்கே படிப்பைத் தொடர்ந்தார்கள். ஆறு வருடம் கழித்து, 2019 ஏப்ரலில், அதே நிறுவனம் கூகுள் பிளஸ் என்ற தன் சமூக வலையமைப்பை மூடியபோது அப்படி எதுவும் முடியவில்லை. பதிவுகளின் நகலை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே கூடியிருந்த வட்டங்கள் கலைந்து போயின.

தமிழர்களுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், ஊர் ஊராக, நாடு நாடாகச் சிதறியிருந்த பதிவர்களின் ஓடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது. எழுத்து அவரவர் இடத்தில் இருந்தது, வாசகர் ஒரே இடத்தில் கூடினார். யாஹூ குழுமங்களில் நடந்த மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற இலக்கிய அரட்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2020 டிசம்பரில் யாஹூ அந்தச் சேவையையே நிறுத்திவிட்டது. இன்று ஃபேஸ்புக்கில் எழுதப்படும் நல்ல தமிழ்க் கட்டுரைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி தேடுபொறியில் அகப்படுவதில்லை. எழுதியவரின் கணக்கு போனால் எழுத்தும் போய்விடும்.

முதல் வேலை: சொந்தப் பெயர்

ஒரு டொமைன் வாங்குங்கள். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். அந்தப் பெயரில் ஓர் எளிய தளம் வையுங்கள், அதே பெயரில் மின்னஞ்சல் முகவரியும் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தைத் தாங்கும் நிறுவனம் மாறலாம், மின்னஞ்சல் நிறுவனம் மாறலாம், முகவரி மாறாது. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பெயரின் வால்பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். இரண்டெழுத்து வால்கள் நாடுகளுக்கு உரியவை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஆப்கானிஸ்தானின் வாலில் பெயர் வைத்திருந்த ஒரு மாஸ்டடான் சர்வர், 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த டொமைனை முடக்கியதும் செயலிழந்தது. எந்த நாட்டின் வாலை எடுக்கிறீர்களோ அந்த நாட்டின் ஆட்சிக்கும் நீங்கள் ஓரளவு கட்டுப்பட்டவர் ஆகிறீர்கள்.

இனி எழுதுவதை முதலில் சொந்தத் தளத்தில் போடுங்கள். பிறகு ஃபேஸ்புக்கிலும் மற்ற இடங்களிலும் பகிருங்கள். தளம் வேர்ட்பிரஸ்ஸில் இருந்தால் ஆக்டிவிட்டிபப் என்ற செருகுநிரலை நிறுவலாம். அதன்பின் மாஸ்டடானில் இருப்பவர்கள் உங்கள் தளத்தையே ஒரு கணக்குபோல் பின்தொடரலாம். அவர்கள் எழுதும் பதில் உங்கள் தளத்தில் மறுமொழியாக வந்து சேரும்.

நகல் எடுக்கும்போது

ஃபேஸ்புக்கிலிருந்து தகவலைத் தரவிறக்கக் கேட்கும்போது எச்டிஎம்எல், ஜேசான் என்று இரண்டு வடிவங்களைக் காட்டும். தமிழில் எழுதுபவர்கள் எச்டிஎம்எல் வடிவத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசான் கோப்பைத் திறந்தால் தமிழே இருக்காது. ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு துணைக்குறியும் மூன்று மூன்று லத்தீன் குறிகளாக உடைந்து பக்கம் முழுவதும் குப்பை போலக் கிடக்கும். யூனிகோடு பைட்டுகளைத் தனித்தனி லத்தீன் எழுத்துகளாக எழுதிவிடும் பழைய கோளாறு அது. கோப்பு கெட்டுப்போகவில்லை, பயந்து அழித்துவிடாதீர்கள். லத்தீன்-1 என்று எண்ணிப் பைட்டுகளாக்கி, மறுபடி யூடிஎஃப்-8 ஆகப் படிக்கச் சொன்னால் தமிழ் திரும்பிவிடும். பைத்தான் தெரிந்தவர் இரண்டு வரியில் முடித்துத் தருவார்.

நகலைத் திறந்து பார்க்காமல் ஒதுக்கி வைக்க வேண்டாம். படங்கள் வந்திருக்கின்றனவா, முதல் வருடப் பதிவுகள் இருக்கின்றனவா, தேதி வரம்பு தவறுதலாகக் குறுகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

மாஸ்டடானில் வீடு மாறுவது

ஓய்கன் ரோக்கோ 2016-ல் ஜெர்மனியிலிருந்து மாஸ்டடானை வெளியிட்டார். இன்று அது ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் இயங்குகிறது. டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரைத்த தரம் அது. அதன் அடிப்படை எளிது: ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் உள்பெட்டி, ஒரு வெளிப்பெட்டி. நீங்கள் ஒன்று எழுதினால் உங்கள் சர்வர் அதைக் கையொப்பமிட்டு, பின்தொடர்பவர்களின் சர்வர்களில் இருக்கும் உள்பெட்டிகளில் போட்டுவிடும். அதனால் முகவரியில் பெயர், சர்வர் இரண்டும் வரும், மின்னஞ்சலைப் போலவே. படங்களுக்கான பிக்சல்ஃபெட், வீடியோவுக்கான பியர்ட்யூப் எல்லாம் இதே மொழி பேசுவதால் மாஸ்டடானில் இருந்தபடியே அங்குள்ளவர்களைத் தொடரலாம்.

பதிவுப் பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால்தான் அமைய வேண்டும். திரையில் தெரியும் பெயரைத் தமிழில் வைக்கலாம். எழுதும் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள். மொழி வாரியாக வடிகட்டிப் படிப்பவர்கள் கண்ணில் படும்.

சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது நடத்துபவர் யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, விதிகள் என்ன என்று படியுங்கள். தன்னார்வலர் நடத்தும் சர்வர்கள் மூடப்படுவதுண்டு. ஃபயர்ஃபாக்ஸ் தயாரிக்கும் மொசில்லாகூட தன் சர்வரை 2024 டிசம்பரில் மூடியது. மூடுவதாக இருந்தால் மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்வேன் என்பது மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் ஏற்கும் நிபந்தனை. அந்த அவகாசம் முக்கியம். ஏனென்றால் ஆட்களை அழைத்துப் போகும் வசதி பழைய சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான்.

மாறுவது இப்படி. முதலில் புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, கணக்கு அமைப்புகளில் "வேறு கணக்கிலிருந்து மாறி வருதல்" என்ற பொருளில் உள்ள இடத்தில் பழைய முகவரியைக் கொடுங்கள். வருகிறவர் நீங்கள்தான் என்று புதிய வீடு ஒப்புக்கொள்ளும் படி அது. பிறகு பழைய கணக்குக்குப் போய் ஏற்றுமதிப் பக்கத்தில் நீங்கள் பின்தொடர்வோர், பட்டியல்கள், தடை செய்தவர்கள், புத்தகக்குறிகள் ஆகியவற்றைச் சிஎஸ்வி கோப்புகளாக இறக்குங்கள். பதிவுகளின் முழு நகலுக்கும் அங்கேயே கேளுங்கள். ஏழு நாளுக்கு ஒரு முறைதான் கேட்க முடியும். கோப்புகள் கைக்கு வந்ததும், பழைய கணக்கில் புதிய முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்து மாற்றத்தை உறுதி செய்யுங்கள். பின்தொடர்வோரின் சர்வர்களுக்குச் செய்தி போகும்; அவை ஒவ்வொன்றாக உங்களைப் புதிய இடத்தில் தொடரத் தொடங்கும். எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்க்கலாம். கடைசியாகச் சிஎஸ்வி கோப்புகளைப் புதிய கணக்கில் ஏற்றுங்கள்.

பழைய பதிவுகள் மட்டும் கூட வராது, பழைய சர்வரிலேயே நிற்கும். மாஸ்டடானின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். முதலில் சொந்தத் தளத்தில் எழுதுங்கள் என்று வற்புறுத்துவதற்கும் இது ஒரு காரணம்.

புளூஸ்கை இதை வேறு விதமாகத் தீர்க்கப் பார்க்கிறது. அதன் ஏடி நெறிமுறையில் ஆளுக்கான அடையாளம் சர்வரோடு கட்டப்படவில்லை. பதிவுகள் அனைத்தும் ஒரே தொகுப்பாக இருக்கும், சர்வர் மாறும்போது அதையும் எடுத்துப் போகலாம். உங்கள் டொமைனில் ஒரு டிஎன்எஸ் வரி சேர்த்தால் டொமைனே உங்கள் பயனர் பெயராகிவிடும். டொமைன் வைத்திருப்பவர்கள் இதை இன்றே செய்யலாம். தொகுப்பைத் தரவிறக்கும்போது படங்கள் அதில் அடங்காது என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, அந்த வலையமைப்பில் பெரும்பாலானோர் இன்னமும் புளூஸ்கை நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கிறார்கள். கூகுள் டாக் நினைவு இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை விடாமல் கவனிக்க வேண்டும்.

திறந்த இடத்தின் விலை

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. சிக்னல் செயலியை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2016-ல் அதை எழுதினார். பல கைகளில் சிதறிய நெறிமுறை வேகமாக மாற முடியாது, ஒரே கையில் இருக்கும் சேவை மாற முடியும் என்பது அவர் கட்சி. அதே ஆண்டு ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் நூறு கோடிப் பயனர்களுக்கும் முழு மறையாக்கத்தைக் கொண்டுவந்து முடித்தது. மின்னஞ்சலுக்கு அது இன்றுவரை பொதுவழக்கமாகவில்லை. அந்தரங்கப் பேச்சு என்ற ஒன்றில் நான் அவர் பக்கம்தான். மாஸ்டடானில் ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்திக்கு முழு மறையாக்கம் கிடையாது. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்கலாம். மருத்துவ விவரம், வங்கி விவரம், புகார் கொடுக்க அஞ்சுபவரின் பெயர் எதையும் அங்கே எழுதாதீர்கள். அதற்குச் சிக்னல் இருக்கட்டும். அந்தரங்கமும் திறந்த நெறிமுறையும் சேர்ந்தே வேண்டும் என்றால் மேட்ரிக்ஸ் இருக்கிறது. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக அதன் மேல் சாப் என்ற செயலியை நடத்துகிறது. மேட்ரிக்ஸை வீட்டில் உள்ளவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அழித்த பதிவு எல்லாச் சர்வர்களிலும் அழிந்துவிடும் என்ற உத்தரவாதமும் திறந்த வலையில் இல்லை. தொல்லை தருபவர்களும் நெறிமுறையைப் பயன்படுத்தலாம். 2019 ஜூலையில் தீவிர வலதுசாரிகளின் கூடாரமான கேப் தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டபோது யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் பெரும்பாலான சர்வர்கள் அதனோடு தொடர்பைத் துண்டித்துக்கொண்டன. எந்தச் சர்வரைத் துண்டிப்பது என்ற முடிவு உங்கள் சர்வர் நிர்வாகியிடம் இருக்கிறது. அவர் முடிவு பிடிக்காவிட்டால் ஆட்களோடு வேறு சர்வருக்குப் போகும் வழி உங்களிடம் இருக்கிறது.

எல்லாக் கணக்கையும் மூடிவிட்டு வரச் சொல்லவில்லை. தமிழ் வாசகர்கள் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கும்போது அங்கே போகாமல் இருப்பது வாசகரை இழப்பது. அங்கே இருந்தபடியே, ஒவ்வொரு பதிவிலும் தள முகவரியையோ மின்னஞ்சல் சந்தா இணைப்பையோ கொடுத்து வாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் சந்தா சேர்ந்தாலும், அவரோடு உள்ள தொடர்பை எந்த நிறுவனமும் துண்டிக்க முடியாது.

சங்கம், பள்ளி, சிற்றிதழ் நடத்துபவர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்த இளைஞரின் சொந்த முகவரியில் இருந்தால் நிர்வாகத்தின் முகவரிக்கு மாற்றுங்கள். புதுப்பிப்பு நினைவூட்டல் இரண்டு பேருக்காவது போக வேண்டும். கட்டணத்தை மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. டொமைன் பதிவு நிறுவனக் கணக்கின் பாஸ்வேர்டையும், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளையும் தாளில் அச்சிட்டு, தீர்மானப் புத்தகம் இருக்கும் அலமாரியில் வையுங்கள். நிர்வாகிகள் மாறும்போது சாவி, கணக்குப் புத்தகத்தோடு அதையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.